ரெக்கார்டில் இல்லாத சரணம்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. கோமளம் மாமி சொன்னாள், நான் கேட்டேன். முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு கேட்டபடியே உள்ளுக்குள் தலைப்பு யோசித்தேன். ஊரார் இதைக் கல்நெஞ்சு என்பார்கள். நாங்கள் கலை என்போம்.

அல்சூரில் மாமியின் வீட்டு மாடியறையில் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். இந்த 1963-ம் வருஷத்தில் மட்டும் என் கதைகள் மூன்று பத்திரிகைகளுக்குப் போய், மூன்றும் கசங்காமல் திரும்பி வந்திருக்கின்றன. தபால் இலாகாவின்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. இந்த நிலைமையில் ஒரு மத்தியானம் மாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஹாஸ்யக் கச்சேரிக்குப் போன விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடித்தபோது கீரை பாதிதான் ஆய்ந்திருந்தது.

"மாமி, இதை எழுதட்டுமா?"

மாமி நிமிரவில்லை. "வேண்டாம்னா எழுதாம இருப்பியா? எழுதினதை என்கிட்டே காட்டு. தப்பு இருந்தா அடிப்பேன்."

பேனாவாலா, கையாலா என்று நான் கேட்கவில்லை. பென்சிலால் அடித்தாள். ஓரத்தில் குறிப்பும் எழுதினாள். அவற்றை எடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். எடுத்துவிட்டுப் படித்தால் கதையில் சுவாரசியமான வாக்கியம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆகவே அவை அங்கங்கே அடைப்புக்குறிக்குள் அப்படியே இருக்கின்றன.

முதல் ஆரம்பம் இது:

அல்சூர் ஏரியின்மேல் அந்திச் சூரியன் தன் பொற்கரங்களை நீட்டி

[மத்தியானம் மூணரை மணி. வெயில் மண்டையைப் பொளந்துண்டிருந்தது. — கோ.]

இரண்டாவது:

சிரிப்பையே அறியாதிருந்த அந்தப் பேதைப் பெண்ணின் வாழ்வில்

[யாருடா பேதை? — கோ.]

மூன்றாவது ஆரம்பம் கீழே. அதை அவள் அடிக்கவில்லை. "பரவாயில்லை, மேலே போ" என்றாள். அந்தப் 'பரவாயில்லை'யை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் எனக்குத் தந்ததில்லை.

2

கோமளத்தின் கணவர் தேசிகன் தினமும் காலை பத்து மணிக்குக் கச்சேரிக்குப் போவார். சங்கீதக் கச்சேரி இல்லை, அட்டாரா கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸ். சிவப்புக் கட்டடம், பச்சை மசி, மேஜைக்கு மேஜை காகிதக் கட்டு. மாலை ஐந்தரைக்குத் திரும்பி வருவார். அவருடைய தாத்தா திவானுடைய ஆபீஸில் எழுத்து வேலை பார்த்தவர். அப்பாவும் அதே. அந்த வம்சத்தில் யாரும் பல் தெரியச் சிரித்ததாகத் தகவல் இல்லை.

கோமளம் சிரிப்பாள். எதிர்வீட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பாள்.

1953-ல் கமர்ஷியல் தெருவில் ஒரு கிராமபோன் கடைக்குப் போனாள். 'சுருதிபேதம் பிரதர்ஸ்' என்ற கோஷ்டியின் முதல் இசைத்தட்டு வந்திருந்தது. ரேடியோவில் ஒரே தடவை கேட்டிருந்தாள். கடையில் ஒரே ஒரு தட்டுதான் பாக்கி. அதன்மேல் இவள் கை வைத்த அதே சமயம் இன்னொரு கையும் விழுந்தது. ரிச்சர்ட்ஸ் டவுன் நோராவின் கை. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர், கல்யாணம் ஆகாதவள், கவுன் போட்டுக்கொண்டு சைக்கிள் விடுகிறவள்.

"நீங்க எடுத்துக்குங்க அக்கா," என்றாள் நோரா. "ஆனா ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சதும் உங்க வீட்டுக்கு வந்து கேப்பேன்."

அன்றிலிருந்து நாலு வருஷம் ஞாயிறு தவறாமல் வந்தாள்.

தட்டின் ஒரு பக்கம் ஏதோ ரேஷன் பாட்டு. அதை விடுங்கள். மறுபக்கம்தான் விசேஷம். 'பூட்டினேனா.' பெரிய வித்துவான் கீர்த்தனை பாடுகிற கம்பீரத்தோடு, முகாரியில்:

*பூட்டினேனா — நான் பூட்டினேனா — கதவைச்*
*சாத்தினேனா — வெறுமே சாத்தினேனா?*

வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் ஓர் அம்மாள். தெருக்கோடி போனதும் சந்தேகம். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறாள். பாட்டு நிற்கும், 'டொக், டொக்' என்று பூட்டு இழுபடும் சத்தம் ஏழு தடவை கேட்கும், மறுபடி பல்லவி. ரயில் போகிறது, முகூர்த்தம் போகிறது, பூட்டு மட்டும் பூட்டாகவே இருக்கிறது. மூன்று நிமிஷம். முள் உள்வட்டத்தில் போய் உராயும்போது கோமளமும் நோராவும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் தடவை அந்தத் தட்டு வீட்டில் சுழன்ற அன்று தேசிகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் 'டொக்'குக்கே எழுந்து கையலம்பப் போய்விட்டார். மோர் சாதம் அப்படியே இருந்தது. அவருக்கு ஹாஸ்யம் பிடிக்காது என்று கோமளம் தீர்மானித்தாள்.

நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். புத்திசாலி வாசகர்கள். அவள் ஊகிக்கவில்லை.

3

இங்கே ஒரு தகவல் சொல்லியாக வேண்டும். கோமளமும் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள்.

இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த எழுத்தாளன் துள்ளி எழுந்தான். காரணம் வேண்டாமா? ஒரு பழைய துயரம்? உடனே எழுதினேன்: *பல வருஷங்களுக்கு முன், திறந்து கிடந்த ஒரு கதவு வழியாக அவளுடைய மூன்று வயதுக் குழந்தை ஏரிக்கரைப் பக்கம் தத்தித் தத்தி*

அந்தப் பக்கத்தில் பென்சில் ஓட்டையே போட்டுவிட்டது.

[எனக்கு எந்தக் குழந்தையும் ஏரியிலே விழலை. என் பிள்ளை பிலாயிலே எஞ்சினியரா இருக்கான், பொண்ணு மைசூர்லே இருக்கா. நான் பூட்டை இழுத்துப் பாக்கறவ, அவ்வளவுதான். ஒரு பழக்கத்துக்கு உனக்கு ஒரு பிணம் வேணுமா? — கோ.]

மன்னிக்கவும். பிணம் இல்லாமலே தொடர்கிறேன். இது எங்கள் தொழிலில் கஷ்டமான காரியம்.

சரி, தினம் பூட்டை இழுப்பவள் நாலு வருஷம் அந்தப் பாட்டைக் கேட்டுச் சிரித்தாளே, தன்னைப் பற்றியது என்று தோன்றவில்லையா? கேட்டேன்.

"அந்தப் பாட்டுப் பொம்பளை ஏழு தடவை இழுக்கறா. பைத்தியம். நான் மூணுதான் இழுப்பேன்," என்றாள் மாமி.

இதைவிடத் தெளிவான பதிலை எந்தத் தத்துவப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.*

(* படித்த தத்துவப் புத்தகங்கள்: இரண்டு. ஒன்று பாதி.)

4

சுருதிபேதம் பிரதர்ஸ் 1955-ல் கோலார் தங்க வயலுக்கு வந்தார்கள். போகலாமா என்று கோமளம் கேட்டாள். அங்கே காற்றில் தூசி என்றார் தேசிகன். அடுத்த வருஷம் சேலத்துக்கு வந்தார்கள். சேலத்தில் வெயில் என்றார். 1957-ல் அல்சூரிலேயே, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு சபாவின் ஆண்டு விழாப் பந்தலுக்கு வருவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். தூசி, வெயில் இரண்டுமே செலவாகிவிட்டதால் தேசிகனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"எத்தனை நாளா வலிக்கறது?" என்றாள் கோமளம்.

"நோட்டீஸ் ஒட்டினதிலேருந்து," என்று சொல்லிவிட்டார். பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

நோரா மூன்று டிக்கெட்டோடு வந்தாள். ஒன்பதாம் வரிசை. "ஸார், முதுகு வலிக்குச் சிரிக்கிறதுதான் மருந்து," என்றாள். தேசிகன் அவளைப் பார்த்த பார்வையில் ஆறு கிறிஸ்தவ ராஜ்ஜியங்கள் கவிழ்ந்திருக்கும்.

கோமளத்தைத் தனியே அனுப்பியிருக்கலாமே என்று நான் அவரிடமே கேட்டேன். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பிவிட்டுச் சொன்னார்: "அவ பக்கத்திலே நான் இருந்தா, பாடறவன் என்னைப் பார்த்துட்டு அந்தப் பாட்டைப் பாடாம விட்டுடுவான்னு நினைச்சேன்."

ஆக, போனார். நல்ல ஏப்ரல் மத்தியானத்தில் கழுத்தைச் சுற்றி மப்ளர் போட்டுக்கொண்டு போனார்.

5

விழாவில் மாலை ஆறரைக்கு நிஜமான சங்கீதம். அதாவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாட, முதல் வரிசைக்காரர்களும் கண்ணை மூடிக்கொள்வார்கள். சிரிக்க வைப்பவர்களுக்கு மூன்றரை மணி கொடுத்திருந்தார்கள். தென்னங்கீற்றுப் பந்தல், மடக்கு நாற்காலிகள். சபா காரியதரிசி ஒருவர் எழுந்து, ஹாஸ்யம் என்பது என்ன என்று இருபது நிமிஷம் விளக்கினார். அந்த இருபது நிமிஷமும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பிறகு திரை விலகியது.

கோமளம் நாலு வருஷமாக அந்தக் குரலுக்கு ஓர் உடம்பு கொடுத்து வைத்திருந்தாள். தொந்தி, குண்டுக் கன்னம், ஜவ்வாதுப் பொட்டு. வந்து உட்கார்ந்தவர் பட்டத்துக் குச்சி மாதிரி இருந்தார். சட்டை ஆணியில் தொங்குவது போலத் தொங்கியது. அதுதான் அண்ணன், சுந்தரராமன். தம்பி கிருஷ்ணப்பா ஹார்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்ததும் ஹார்மோனியம் மறைந்துபோயிற்று. அவர் அல்சூர்க்காரர்தான், அவர் பெயரைச் சொல்லிப் பின்பக்கம் ஒரே விசில். இருவருக்கும் ஜாதி, ஊர், எடை எதுவும் ஒட்டாது. பிரதர்ஸ் என்ற பெயரே அவர்களுடைய முதல் ஜோக்.

கோமளம் சிரிக்கத் தொடங்கினாள். ரேஷன் பாட்டுக்குச் சிரித்தாள். தம்புராவுக்கு ஜலதோஷம் பிடித்த பாட்டுக்குச் சிரித்தாள். நோரா அவள் தோளில் சாய்ந்து சிரித்தாள். தட்டில் மூன்று நிமிஷம் வருகிற பாட்டு இங்கே பதினைந்து நிமிஷம் வந்தது. நடுவில் பேசினார்கள், சண்டை போட்டார்கள், சுருதிப் பெட்டியிடம் மன்னிப்புக் கேட்டார்கள். வீட்டில் அவள் கேட்டதெல்லாம் வெறும் எலும்புக்கூடு என்று தோன்றியது.

'பூட்டினேனா' வந்தது. பந்தலே எழுந்து கைதட்டியது. அந்த 'டொக்' சத்தம் கஞ்சிராவா, மரக்கட்டையா என்று கோமளத்துக்கும் நோராவுக்கும் நாலு வருஷத் தகராறு. இப்போது பார்த்தாள். கிருஷ்ணப்பா வாயைக் குவித்து நாக்கால் செய்தார்!

"நாக்குன்னா! நாக்கு!" என்று தேசிகனின் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கினாள். அவள் வயது அப்போது நாற்பத்தாறு. [நாற்பத்திநாலு. — கோ.] அந்த நிமிஷம் பதினாலு. அவர் கை சில்லென்று இருந்தது. அதை அவள் கவனித்தாளா என்றால், கவனிக்கவில்லை.

இங்கேயே கதையை நிறுத்திவிட முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும். ஒரு பெண்மணி, பிடித்த கோஷ்டி, பிடித்த பாட்டு, நாக்கு. ஆசிரியர்கள் 'சம்பவம் போதாது' என்று திருப்பி அனுப்புவார்கள். ஆகவே சம்பவம்.

6

பாட்டு முடிகிற இடத்தில் சுந்தரராமன் கையைத் தூக்கினார்.

"இந்தக் கீர்த்தனைக்கு இன்னொரு சரணம் இருக்கு. ரெக்கார்ட் கம்பெனிக்காரன் மூணு நிமிஷத்துக்கு மேலே அழக்கூட விடமாட்டான், அதனாலே அதிலே இல்லை. இந்த அம்மாள் கற்பனை இல்லை சார். உங்க ஊர்க்காரி. கன்டோன்மென்ட் ஸ்டேஷன். தங்கை கல்யாணத்துக்கு மெட்ராஸ் போகணும். ரயில் வந்து நிக்கறது. இந்த அம்மாள் பிளாட்பாரத்திலே நின்னுண்டு, 'பூட்டினேனா?'"

'டொக்' என்றார் கிருஷ்ணப்பா. சிரிப்பு.

பாவம், யாரோ, என்று கோமளமும் சிரித்தாள். தங்கை கல்யாணத்துக்குப் போகாத அக்காக்கள் ஊரில் எத்தனையோ பேர்.

"ரயிலை விட்டுட்டு ஜட்காவிலே வீட்டுக்கு ஓடறா. இழுக்கறா. பூட்டியிருக்கு. மறுபடி இழுக்கறா. பூட்டியிருக்கு. ஜட்காக்காரன் பார்த்தான். பாவம், இறங்கி வந்து, 'நானும் ஒரு தபா இழுத்துப் பாக்கறேம்மா'ன்னு அவனும் இழுத்தான்!"

பந்தல் ஆடியது. கோமளத்தின் சிரிப்பு அந்த ஜட்காக்காரனிடம் வந்து நின்றது. அவனுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கும். பூட்டை இழுத்துவிட்டு, "பத்திரமா கீதும்மா" என்றான். 1949-ம் வருஷம், ஆவணி மாசம். அந்த வாசலில் அப்போது மூன்றே பேர். அவள், ஜட்காக்காரன், தேசிகன். ஜட்காக்காரன் போன பிறகு இரண்டே பேர்.

சுந்தரராமன் பாடினார்:

*பூட்டும் பூட்டாய்த்தான் இருக்கு — அம்மாள்*
*படியிலே உட்கார்ந்து அழறாள்:*
*பூட்டை நம்பலாம் — உம்மை நம்பலாம் —*

இங்கே நிறுத்தினார். ஹார்மோனியம் ஒரு சுற்றுப் போய் வந்தது.

*என்னைத்தான் எனக்கு நம்ப முடியலையே!*

எண்ணூறு பேர் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோராவும் சிரித்தாள், அவளுக்கு என்ன தெரியும்?

அந்தப் படியில் கோமளம் சொன்னது இதுதான்: "பூட்டை நம்பறேன். உங்களை நம்பறேன். என்னைத்தான் எனக்கு நம்ப முடியலை." வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

(இதை அச்சில் போடலாமா என்று கேட்டேன். [எண்ணூறு பேர் கேட்டாச்சு. உன் கதையை அதுக்கு மேலேயா படிக்கப்போறா? — கோ.])

அவள் எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள், என்ன சொல்ல நினைத்தாள் என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. வாயில் வந்தது இது:

"ஏழு தடவை இல்லை! மூணு!"

பந்தல் வெடித்தது. ஏற்பாடு பண்ணி உட்கார வைத்த ஆள் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். கிருஷ்ணப்பா விடுவாரா? "இன்னா மேடம், பக்கத்து வூட்டுலயா குடியிருந்தீங்கோ? கணக்கு கரெக்டா சொல்றாங்கப்பா!" இன்னொரு வெடி.

சுந்தரராமனும் சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். திரும்பியவர் கண், அவளைத் தாண்டி, பக்கத்து நாற்காலியிலிருந்த மப்ளரில் போய் நின்றது. அவர் வாய் திறந்தபடியே இருந்தது. பல்லவிக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது, போயிற்று. அபஸ்வரம் பாடியே பிழைத்த கோஷ்டிக்கு அன்றுதான் நிஜமாகத் தப்பிற்று.

அந்தக் கண் போன வழியே கோமளமும் திரும்பிப் பார்த்தாள். தேசிகன் குனிந்து, கீழே விழாத ஒரு சாமானைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நீங்களா சொன்னேள்?"

"ஆபீஸ்லே... இவன் எனக்கு அடுத்த மேஜை. வேலையை விட்டுட்டு மெட்ராஸ் போறதுக்கு முன்னாலே... டிபன் வேளையிலே, ஏதோ வேடிக்கைக்கு..."

"கடைசி வார்த்தையையுமா?"

இந்த இடத்தில் தேசிகனுக்கு ஒரு பதில் எழுதித்தர நான் நாலு நாள் முயன்றேன். அவரிடமும் கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

7

இடைவேளை விட்டதும் கோமளம் மேடைக்குப் பின்னால் போனாள். நோரா கூடவே ஓடினாள். தேசிகன் நாற்காலிகளுக்கு நடுவில் நின்றுவிட்டார்.

படுதாவுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு, ஒரு குடம். கிருஷ்ணப்பா போண்டா தின்றுகொண்டிருந்தார். சுந்தரராமன் எழுந்து கையைக் கூப்பினார்.

"மன்னி, மன்னிச்சுடுங்கோ."

இது சிலேடை என்பது சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மன்னிப்புக் கேட்கும்போதும் தொழில் விடவில்லை.

"சத்தியமா நீங்க வருவேள்னு தெரியாது. உங்களை நான் பார்த்ததுகூட இல்லை. அந்தச் சரணத்தை இனிமே பாடலை. பாட்டையே விட்டுடறேன்."

கோமளம் அதைக் காதில் வாங்கவில்லை. "அந்த அடியை யார் கட்டினது?"

"மெட்டு நான். வார்த்தை... தேசிகன் சொன்னபடியே."

"உம்மை நம்பலாம்கற எடத்திலே ஏன் நிறுத்தறேள்?"

சுந்தரராமன் கூப்பிய கையை இறக்கினார். "அங்கே ஒரு சுத்து நிறுத்தினாத்தான் அடுத்த அடிக்குச் சிரிப்பு வரும்."

"வந்தது," என்றாள் கோமளம். பிறகு, "வேற யாரோடதாவது இருந்தா நானும் சிரிச்சிருப்பேன்," என்றாள்.

நாலு வருஷமாக அவர்கள் பாடிக் கேட்டதிலெல்லாம் உசத்தியான அடி அதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அதுதான் எரிச்சலாக இருந்ததாம். மட்டமான பாட்டாக இருந்திருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

கிருஷ்ணப்பா போண்டாவைக் கீழே வைத்தார். "ஸ்வல்ப இருங்கம்மா, நான் ஒண்ணு சொல்றேன். இது சிரிக்கிற பாட்டு இல்லேன்னு நான் அப்பவே சொன்னேன். இவரு கேக்கலே. அந்த எடத்துலே பெட்டி வாசிக்கிறப்போ எனக்கு அழுவாச்சி வரும். ஜனம் சிரிக்கும். சரி, நமக்குப் புத்தி கம்மின்னு வுட்டுட்டேன்."

கோமளம் அவரை முதன்முறையாக நேராகப் பார்த்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"பின்பாதியிலே அந்தப் பாட்டைத் திரும்பப் பாடுங்கோ."

"மன்னி!"

"பாடுங்கோ. அந்தச் சரணமும் பாடுங்கோ. உம்மை நம்பலாம்னு நிறுத்தறேளே, அங்கே வந்ததும் ரெண்டு பேரும் வாயை மூடிண்டுடணும். பெட்டி மட்டும் போகட்டும்."

"அப்புறம்?"

"அது என் வார்த்தை. அப்புறம் என் பாடு."

8

முடிவுகளை வரிசையாக மாமியிடம் காட்டினேன்.

முதல் முடிவு, வாரப் பத்திரிகைக்கு உகந்தது: அவள் மனம்விட்டுச் சிரிக்கிறாள், தேசிகன் கண் கலங்குகிறார், இருவரும் கைகோத்து ஏரிக்கரையில் [நாங்க கையெல்லாம் கோத்துண்டதே கிடையாது. — கோ.]

இரண்டாவது, சமூக நோக்கம் உள்ளது: டிரங்குப் பெட்டியோடு திருச்சியில் இருக்கும் அண்ணா சீனிவாசராகவன் வீட்டுக்கு [அங்கே ஒரு வேளை தங்க முடியாது. அண்ணா பொண்டாட்டி அப்படி. — கோ.]

மூன்றாவது முடிவில் மேடையேறி ஒரு சொற்பொழிவு ஆற்றினாள். மாமி அதற்குக் குறிப்பே எழுதவில்லை. அந்தக் காகிதம் மறுநாள் அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்திருந்தது.

பின்னால் என்ன ஆயிற்று என்பதை மட்டும் ஒளிக்காமல் சொன்னாள். பதினோரு நாள் தேசிகனிடம் பேசவில்லை. அந்தப் பதினோரு நாளும் அவர் பேசிக்கொண்டே இருந்தார். முப்பது வருஷத்தில் அவ்வளவு பேசியதில்லை. பன்னிரண்டாம் நாள் காலை வீட்டில் உப்பு தீர்ந்துபோயிற்று. அதைச் சொல்ல வேறு ஆள் இல்லாததால் அவரிடம் சொன்னாள்.

தேசிகன் அதன்பிறகு ஆபீஸில் வீட்டு விஷயம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எந்த விஷயமும் பேசுவதில்லை. ஆழ்ந்த மனிதர் என்று பெயர் வந்து, ஒன்றரை வருஷத்தில் மேல் உத்தியோகம் கொடுத்துவிட்டார்கள். சர்க்கார் ஆளை எடைபோடுகிற விதம் அது.

சுந்தரராமன் அந்தச் சரணத்தைப் பிறகு எங்கேயும் பாடியதாகத் தகவல் இல்லை. பிரதர்ஸ் 1960-ல் பிரிந்துவிட்டார்கள். கிருஷ்ணப்பா இப்போது அல்சூரில் சனிக்கிழமை பஜனைக்குப் பெட்டி வாசிக்கிறார். வழியில் பார்த்தால் கோமளத்துக்குக் கும்பிடு போடுவார்.

தட்டு உடையவில்லை. நோரா இன்னும் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். இருவரும் கேட்கிறார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நான் மாடியிலிருந்து கேட்டிருக்கிறேன். கலப்படம் இல்லாத சிரிப்பு. மாமி இப்போதும் பூட்டை மூன்று தடவை இழுக்கிறாள்.

ஒரே ஒரு மாறுதல். முன்பெல்லாம் சாயங்காலம் தேசிகன் வந்ததும் காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாளாம். கனவு, பயம், அசட்டுத்தனமாகத் தோன்றியது, எல்லாம். இப்போதும் எதிரில் உட்காருகிறாள். "என்ன யோசனை?" என்று அவர் கேட்பார். "ஒண்ணுமில்லை" என்பாள். கீழே நடக்கும் இந்தப் பேச்சு மாடிக்குக் கேட்கும். இரண்டு வருஷமாகக் கேட்கிறேன். அவர் ஒரு நாளும் கேட்காமல் இருந்ததில்லை. அவள் ஒரு நாளும் வேறு பதில் சொன்னதில்லை.

9

மிச்சம் இருப்பது பின்பாதி.

"மாமி, அந்த இடம் வந்தப்போ நீங்க என்ன பண்ணினீங்க? பாடினீங்களா? சொன்னீங்களா? சும்மா நின்னீங்களா?"

மாமி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

நோராவிடம் கேட்டுப் பார்த்தேன். "அக்கா சொல்லலேன்னா நான் சொல்லமாட்டேன்" என்று சைக்கிளில் ஏறிவிட்டாள். கிருஷ்ணப்பாவைக் கேட்டேன். "நான் பெட்டியைப் பாத்துக்கினு இருந்தேன் சார்" என்றார். தேசிகனை மறுபடி கேட்கிற தைரியம் எனக்கில்லை.

மறுபடி மாமியிடமே போனேன். "முடிவு இல்லேன்னா கதை திரும்பி வந்துடும் மாமி."

"வரட்டும். தபால்காரன் பழகினவன்தானே?"

"எனக்கு மட்டுமாவது சொல்லக்கூடாதா?"

அதற்கு மாமி சொன்னதை எழுதிவிடுகிறேன்.

"ஒருத்தர்கிட்டே மட்டும்னுதான் அன்னிக்கு அந்தப் படியிலே சொன்னேன். அவர் ஒருத்தன்கிட்டே மட்டும்னுதான் டிபன் வேளையிலே சொல்லியிருப்பார். நீ நல்லவன்தான். ஆனா நான் பேசறப்போ உன் மூஞ்சியைப் பார்த்திருக்கேன். உருக்கமாத்தான் இருக்கு. கை மட்டும் பேனாவைத் தேடறது."

நான் கையைப் பார்த்தேன். மேஜைமேல்தான் இருந்தது. பேனாவுக்குப் பக்கத்தில்.

ஆகவே எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதிவிட முடியும், அதற்குத்தான் பழகியிருக்கிறேன். இந்தத் தடவை வேண்டாம். பாக்கியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பத்தாம் வரிசையில் இடம்.

ஐந்து மணி. கீற்று ஓட்டை வழியாக வெயில் சாய்ந்து விழுகிறது. சுந்தரராமன் 'உம்மை நம்பலாம்' என்று பாடி நிறுத்தி, உதட்டை இறுக்க மூடிக்கொண்டுவிட்டார். ஹார்மோனியம் ஒரு சுற்றுப் போய் வந்தது, இரண்டாவது சுற்றும் போகிறது. அடுத்த அடி தெரிந்துவிட்ட எண்ணூறு பேரில் சிலர், தாங்களே எடுத்துப் பாடிவிடலாமா என்று அரை வாயைத் திறக்கிறார்கள். உங்களுக்கு நேர் முன்னால் ஒரு மப்ளர் தலை குனிந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அரக்குக் கலர் புடவையில் ஒரு பெண்மணி எழுந்து நிற்கிறாள். நீங்கள் பின்னால் இருப்பதால் முகம் தெரியவில்லை. முதுகும், கொண்டையும், நாற்காலியைப் பிடித்திருக்கும் ஒரு கையும்தான். அவள் மூச்சை இழுக்கிறாள்.

பக்கத்தில் வேர்க்கடலை உடைக்கிறவரைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கள்.